ஓடையின் செக்ரோல்

நெருப்புக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. வெயிலுக்கும் வந்துவிட்டது. டீசலுக்கு வந்த காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறி, மேனேஜர் அறையில் ஆணியில் தொங்கியது. தண்ணீருக்கு மட்டும் வரவில்லை.

தேவாலாவுக்கு மேலே ஏழுமரம் எஸ்டேட்டில் மின்சாரம் நான்கு இடத்தில் பிறந்துகொண்டிருந்தது. ஃபாக்டரிக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். பக்கத்துக் கொட்டகையில், கவாத்தில் வெட்டிய தேயிலை விறகைப் புகைய விட்டு அந்த வாயுவில் ஓடும் ஓர் எஞ்சின். கூரை மேல் சோலார் தகடுகள். மேல் டிவிஷனில் ஓடைக்கரையோரம், வெள்ளைக்காரன் விட்டுப்போன பழைய டர்பைன். இரண்டாயிரத்துப் பதினான்கில் எஸ்டேட் கைமாறியதும் புது முதலாளிகள் கேட்ட முதல் கேள்வி, இதற்கெல்லாம் முறையான அனுமதி இருக்கிறதா என்பதுதான். எதற்குமே இல்லை. இத்தனை வருஷமும் மின்சாரம் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது, யாரும் அதன் ஊர் பேர் விசாரிக்கவில்லை.

நாலு மின்சாரத்துக்கும் நாலு ஃபைல் போட்டு உட்கார்ந்தவள் ஆபீஸ் கிளார்க் வேலாமணி. கோயம்புத்தூர்க்காரி. ஒரு காகிதத்தைத் தொட்டாலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். டீசலுக்குச் சத்தம் எவ்வளவு, புகை எவ்வளவு, பீப்பாய் எத்தனை என்று மூன்று அலுவலகங்கள் கேட்டன, சொன்னதும் விட்டுவிட்டன. விறகு எஞ்சின் விஷயத்தில், இது பாய்லரா, அடுப்பா, லாரி எஞ்சினா என்று ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கேட்க, அது மூன்றாவதைக் கேட்க, கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு நீளமான பெயரைக் கண்டுபிடித்து அதற்கு அனுமதி கொடுத்தார்கள். வெயிலுக்கு ஒரே வாரம்தான் ஆனது. வெயில் யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்பதால் ஆட்சேபிக்க ஆளில்லை. வருஷத்தில் பாதி நாள் குடையை மடக்க முடியாத தேவாலாவில் வெயிலுக்கு முதலில் லைசென்ஸ் கிடைத்ததைச் சொல்லிச் சொல்லித் தொழிலாளர் லயத்து வீடுகளில் சிரித்தார்கள்.

தண்ணீர் அப்படியில்லை. எங்கே பிறக்கிறது, யார் காட்டு வழியாக வருகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, விழுந்தபின் யார் வயலுக்குப் போகிறது என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி துருவினார்கள். அத்தனைக்கும் வேலாமணி பதில் தேடிப் பிடித்தாள். ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. கடந்த மூன்று வருஷம் ஓடையில் தினமும் எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற பதிவு வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தால் அது மூக்கம்மாவிடம்தான் இருக்க வேண்டும். பவர்ஹவுஸ் என்று பெரிய பெயர் வைத்த அந்தத் தகரக் கூரைக் கட்டடத்தில் டர்பைனை ஓட்டுகிறவள் அவள்தான். ஐந்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவள். முப்பத்துநாலு வயது வரை கொழுந்து பறித்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், டர்பைன் ஓட்டியவர் வேலையை விட்டுப் போனபோது, "ரெண்டு நாளைக்குப் பாத்துக்க" என்று அப்போதைய மேனேஜர் அவளை அங்கே நிறுத்தினார். அந்த இரண்டு நாள்தான் இன்னும் முடியவில்லை. ஆபீஸ் வருகைப் பதிவேடான செக்ரோலில் அவள் இன்றைக்கும் கொழுந்து பறிப்பவளாகத்தான் இருந்தாள்.

ஜூன் மாதம் இரண்டாம் வாரம், கொட்டுகிற மழையில் வேலாமணி குடையோடு மேலே ஏறி வந்தாள்.

"ஏனுங்க்கா, தெனமும் தண்ணி எவ்வளவு வந்துச்சுன்னு எதாச்சும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"இல்லீங்களே" என்றாள் மூக்கம்மா. சொல்லும்போதே காது சுட்டது.

"இருந்தா நல்லா இருந்திருக்கும். வெள்ளிக்கெழம கோயம்புத்தூர்ல இருந்து லைசென்ஸ் ஆபீசர் வர்றாருங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள காயிதம் கைக்கு வரலைன்னா பவர்ஹவுசைப் பூட்டிரச் சொல்லி கம்பெனி ஆர்டர் போட்டிருச்சு. மேல் லயத்துக்கு டீசல்ல ரெண்டு மணி நேரம் கரண்டு."

"அப்ப நானு?"

வேலாமணி குடையை உதறினாள். உதறிக்கொண்டே இருந்தாள். "கொழுந்துக்குப் போகச் சொல்லுவாங்க்கா. இன்னொண்ணும் சொல்லிப்போடறேன், அப்பறம் சொல்லலைன்னு ஆயிரக்கூடாது. காயிதம் வந்தாலுமே அப்பிடித்தான். ஃபாரத்துல ஓட்டறவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்குது. மேனேஜர் அதுல எலக்ட்ரீஷியன் எட்மண்ட் பேர எழுதியிருக்காரு. சர்ட்டிபிகேட்டு இருக்கற ஆளு வேணுமாம்."

அவள் போனபின் மூக்கம்மா வெகுநேரம் டர்பைன் பக்கத்திலேயே நின்றாள். கொழுந்து பறிப்பது கேவலம் என்று அவள் நினைத்ததில்லை. சரிவும் அட்டையும் முழங்கால் வலியும்கூடப் பெரிய விஷயமில்லை. அங்கே மலையில் ஒருத்தன் பின்னால் நின்றுகொண்டு எந்தச் செடியில் எந்த இலையைக் கிள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். இங்கே யாரும் எதுவும் சொன்னதில்லை. குழாய்க்குள் தண்ணீர் இரைகிற சத்தத்தை வைத்தே மேலே மழை எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். மாலை ஆறரைக்குத் தண்ணீர்த் திருகைச் சுற்றினால் நாற்பத்திரண்டு வீட்டில் விளக்கெரியும். அதை இன்னொருத்தர் செய்வதை நினைக்கவே அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. வயிற்றெரிச்சல்தான், அதற்கு நல்ல பெயர் வேறு கிடையாது.

சரி, நோட்டு இல்லை என்று ஏன் சொன்னாள்?

நோட்டு இருந்தது. பஞ்சுக் கழிவு போடும் மரப்பெட்டிக்கு அடியில், சாக்கில் சுற்றி இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் அந்தப் பழைய மேனேஜர், "தினமும் எழுதி வை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்று சொல்லவில்லை. மூக்கம்மா தன் வாழ்க்கையில் பார்த்த நோட்டு ஒன்றே ஒன்றுதான். காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வருகை எடுக்கும் செக்ரோல். ஆபீஸில் கழித்துப் போட்ட வெற்று செக்ரோல் கட்டு ஒன்றை எடுத்து வந்தாள். இடது பக்கம் தொழிலாளியின் பெயர் எழுதும் இடத்தில் முதல் வரியில் 'ஓடை' என்று எழுதினாள். இரண்டாவது வரியில் 'மிஷின்'. மூன்றாவது 'பெல்ட்'. நாலாவது 'பைப்'. அதற்கு நேராக மாதத்தின் முப்பத்தொரு கட்டம்.

டர்பைனுக்குத் தண்ணீர் பாய இரண்டு வாய் உண்டு. இரண்டையும் திறக்கிற அளவுக்கு ஓடை வந்தால் அன்றைக்கு ஓடைக்கு முழு நாள், பெருக்கல் குறி. ஒரு வாய்க்குத்தான் தண்ணீர் என்றால் அரைப்பேர், ஒற்றைச் சாய்கோடு. கோடையில் வற்றிப்போனால் லீவு, வட்டம். பெல்ட் அறுந்த நாளில் பெல்ட்டுக்கு நேராக 'சிக்' என்று எழுதினாள். குழாய் ஒழுகினால் பைப்புக்கு 'மெடிக்கல்'. பதினோரு வருஷமும் இப்படியேதான் ஓடியது. போன வருஷம் ஃபாக்டரி எலக்ட்ரீஷியன் எட்மண்ட் எதற்கோ மேலே வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "பெல்ட்டுக்கு தீபாவளி போனஸ் உண்டாக்கா?" என்று கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே நோட்டு பெட்டிக்கு அடியில் போய்விட்டது. எட்மண்டே இப்படிச் சிரித்தால் கோயம்புத்தூர் ஆபீசர் எப்படிச் சிரிப்பார்?

வெள்ளிக்கிழமை ஆபீசர் வந்தார். பெயர் ஆறுக்குட்டி. மழைக்கோட்டு, புது பூட்ஸ், கையில் தோல் பை. மேனேஜர் ஞானசீலன் முன்னால் வழிகாட்ட, வேலாமணியும் எட்மண்டும் பின்னால் வர, பவர்ஹவுஸ் பாதையின் கடைசித் திருப்பத்தில் ஆறுக்குட்டி வழுக்கி உட்கார்ந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நாம் சொல்லலாம், மேனேஜரால் சொல்ல முடியுமா? அவர் தன் கைக்குட்டையை நீட்டினார். எழுந்தபோது ஆறுக்குட்டியின் காலில் மூன்று அட்டை. மூக்கம்மா ஒரு கை உப்பை எடுத்துவந்து தடவிவிட்டாள்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் அவர், அட்டைகள் சுருண்டு விழுவதைப் பார்த்தபடியே. "டீசல் செட்டைப் பாக்கப் போனா எண்ணெ ஒட்டும். சோலாரப் பாக்கப் போனா தலை காயும். தண்ணிக்குப் போனாத்தானுங்க ரத்தமே குடுக்க வேண்டியிருக்குது."

உள்ளே வந்து மீட்டர், கம்பி, பூமிக்கடியில் போகும் ஒயர் எல்லாவற்றையும் பார்த்தார். தண்ணீர் வெளியேறும் தொட்டியை அடைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி என்று கடிகாரம் பிடித்து, ஒரு வாய்க்கு வினாடிக்கு இருபத்தோரு லிட்டர் என்று குறித்துக்கொண்டார். பிறகு ஃபாரத்தை எடுத்தார்.

"எட்மண்டுங்கறது யாருங்க? மிஷினை நிறுத்தி மறுபடி ஓட்டிக் காட்டுங்க."

எட்மண்ட் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"சார், ஒள்ளத சொல்லிடறேன்" என்றான் எட்மண்ட். அவன் கூடலூர்க்காரன், அவசரத்தில் மலையாள வாடை அடிக்கும். "எனக்கு இதை ஓட்டத் தெரியாது. ஒயரிங் எல்லாம் என்னோடதுதான். ஆனா வாயைத் தொறந்தா இது எந்தப் பக்கம் ஒதைக்கும்னு அக்காவுக்குத்தான் தெரியும்."

ஆறுக்குட்டி ஃபாரத்தில் ஏதோ குறித்தார். மூக்கம்மா மிஷினை நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். முதல் வாயைக் கால் சுற்று, ஊசி நடுங்கி நிற்கும்வரை பொறுத்து இன்னொரு கால் சுற்று, அப்புறம்தான் இரண்டாவது வாய். விளக்கு மினுக்காமல் எரிந்தது. காட்டி முடித்ததும் இரண்டாவது வாயை அடைத்துவிட்டாள். அவர் தலையை ஆட்டினார். நல்லதா கெட்டதா என்று அந்த ஆட்டத்தில் தெரியவில்லை.

"சரிங்க. தண்ணிப் பதிவு?"

வேலாமணி முன்னால் வந்தாள். "அது மட்டும் இல்லீங்க சார். இனிமே எழுதறோமுன்னு எழுதிக் குடுத்தா ஏத்துக்குவீங்களா?"

"அப்பிடி முடியாதுங்களே. டீசல் எவ்வளவு வாங்கினீங்கன்னு பில்லு சொல்லும். வெயிலு எவ்வளவு அடிக்கும்னு புஸ்தகம் சொல்லும். இந்த ஓடையப் பத்தி யாருங்க சொல்லுவாங்க? மழைக் காலத்துல வந்து பாத்துட்டு தண்ணி இருக்குதுன்னு நான் கையெழுத்துப் போட்டுட்டா, மார்ச்சு மாசம் என்னோட கையெழுத்து மட்டுந்தான் ஓடும்." அவர் பையை மூடத் தொடங்கினார். "மூணு வருசம் எழுதிட்டு மறுபடி கூப்பிடுங்க. வந்துடறேன்."

பையின் முதல் கொக்கி மாட்டப்பட்டது. சிரித்தால் சிரிக்கட்டும், பூட்டு விழுவதைவிடச் சிரிப்பு விழுவது மேல் என்று மூக்கம்மாவுக்குத் தோன்றியது. இரண்டாவது கொக்கி மாட்டப்படுவதற்குள் பெட்டியை நகர்த்திச் சாக்கைப் பிரித்தாள்.

"இது ஒண்ணு இருக்குதுங்க."

ஆறுக்குட்டி வாங்கிப் பிரித்தார். முதல் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். "ஓடை" என்று வாய்விட்டுப் படித்தார். "மிஷின். பெல்ட்டு. பதினாலாம் தேதி பெல்ட்டு சிக்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பைப்பு, மெடிக்கல், ரெண்டு நாள்."

மேனேஜர் ஞானசீலனின் முகம் செத்துவிட்டது. "சார், இதெல்லாம் லேபர்ஸ் ஏதோ தமாஷா..."

"இருங்க." ஆறுக்குட்டி மூக்கம்மா பக்கம் திரும்பினார். "இந்தப் பெருக்கல் குறி என்னங்க?"

"ரெண்டு வாயும் தொறந்த நாளுங்க. இந்தக் கோடு போட்டது ஒரு வாய். அரைப்பேர். வட்டம் போட்டிருந்தா ஓடை வேலைக்கு வரலைன்னு அர்த்தமுங்க."

அவர் சிரிக்கவில்லை. தொட்டிக்குக் கடிகாரம் பிடித்த காகிதத்தை எடுத்து நோட்டின் மேல் வைத்தார். ஒரு வாய்க்கு இருபத்தோரு லிட்டர், இரண்டு வாய்க்கு நாற்பத்திரண்டு. விரல் கட்டம் கட்டமாக நகர்ந்தது. பையின் கொக்கி தானாகக் கழன்று தொங்கியதை அவர் கவனிக்கவில்லை.

"ஏனுங்க கிளார்க்கம்மா, உங்க எஸ்டேட்டுல மழைக் கணக்கு எழுதுவீங்களா?"

"அது இல்லாத எஸ்டேட்டு உண்டுங்களா சார்." மழையளவு நோட்டை வேலாமணி பையிலேயே வைத்திருந்தாள். கேட்காததையும் கொண்டுவருவது அவள் வழக்கம்.

இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். ஆபீஸில் மூன்று அங்குல மழை என்றால் இங்கே மறுநாள் பெருக்கல் குறி. ஆபீஸில் ஒரு மாதம் மழை இல்லை என்றால் இங்கே கோடு, பிறகு வட்டம். கீழே மழையை அளந்தவருக்கும் மேலே ஓடைக்கு வருகை எடுத்தவளுக்கும் பேச்சுவார்த்தைகூட இல்லை. ஆனால் இரண்டும் கலியாணப் பொருத்தம் மாதிரி பொருந்திப் போயின. மூக்கம்மாவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

அப்போது விரல் ஓரிடத்தில் நின்றது.

"போன வருசம் ஏப்ரல். நாப்பது நாளா ஒரு சொட்டு மழை இல்லை. நீங்க பதினோரு நாளு அரைப்பேர் போட்டிருக்கீங்க. தண்ணி எங்கிருந்துங்க வந்துச்சு?"

மூக்கம்மா தரையைப் பார்த்தாள். சொல்லாமல் விட்டால் அந்தப் பதினோரு கட்டமும் பொய்யாகிவிடும். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாது.

"மாரியம்மன் திருநாளுங்க. சாமிக்கு லைட்டு போடணும்னு லயத்துல எல்லாரும் கேட்டாங்க. மேல மணல் மூட்டையப் போட்டு பகல்ல தண்ணிய நிப்பாட்டினேன். ராவுக்கு வுட்டேன்."

"நிறுத்தினீங்களா?" ஆறுக்குட்டியின் குரல் மாறியது. "ஓடையில வர்ற தண்ணிய அப்பிடியே எடுத்து ஓட்டினா அது ஒரு வகைங்க. நிறுத்தி வெச்சு ஓட்டினா அணைங்க. எத்தனை சின்னதா இருந்தாலும் அணை அணைதான். அதுக்கு வேற ஆபீசு, வேற ஃபாரம். என் கையில இல்லை."

"அணையெல்லாம் இல்லீங்க" என்றாள் மூக்கம்மா. "பகல்ல அதுக்கு லீவு குடுத்தேன். சாயங்காலம் வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டேன்."

எட்மண்ட் இருமினான். வேலாமணி உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"மூட்டைக எங்கங்க இப்போ?"

"மே மாச மழையிலயே அடிச்சிட்டுப் போயிருச்சுங்க. அதையும் எழுதியிருக்கேன். மே நாலாந் தேதிங்க."

திருப்பிப் பார்த்தார். மே நான்காம் தேதிக் கட்டத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில், 'மூட்டை போயிருச்சி' என்று இருந்தது. அப்போதுதான் ஆறுக்குட்டி சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மூக்கம்மா எதிர்பார்த்த சிரிப்பு அதுவல்ல.

"அப்ப அணை இல்லைங்க" என்றார். "இல்லாத அணைக்கு யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க. இருபது வருசமா பதிவு நோட்டுப் பாக்கறேனுங்க. கணக்குக் கேக்கறாங்கன்னு முந்தின நாள் உக்காந்து எழுதின நோட்டுல ஒரு தப்புக் கூட இருக்காது. இதுல உங்க தப்பை நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. இதைவிட எனக்கு என்னங்க வேணும்." பேனாவைத் திறந்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தத் தொடங்கினார்.

பவர்ஹவுசுக்குப் பூட்டு இல்லை என்று ஆகிவிட்டது. மேனேஜர் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. ஆனால் மூக்கம்மாவின் கண் ஃபாரத்திலேயே இருந்தது. அந்தக் கட்டத்தில் எட்மண்ட் பெயர் இன்னும் அப்படியே இருந்தது. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரிதான் பாக்கி.

ஆறுக்குட்டியும் அங்கேதான் வந்து நின்றார். "மேற்பார்வை ஒரு கட்டம், ஓட்டறவர் ஒரு கட்டம். ரெண்டுலயும் ஒரே பேரை எழுதியிருக்கீங்க."

"சர்ட்டிபிகேட் இருக்கறவர் அவர்தான் சார்" என்றார் ஞானசீலன். "இந்தம்மா ரோல்ல கொழுந்து பறிக்கற பிளக்கர்."

"மேற்பார்வைக்குத்தானுங்க சர்ட்டிபிகேட்டு. இத்தனூண்டு மிஷினை ஓட்டறதுக்குப் பழக்கம் போதும். பதிவு யார் கையெழுத்தோ, ஓட்டறவர் அவரா இருக்கணும். இல்லாட்டி இந்த நோட்டு செல்லாது. நோட்டு செல்லாதுன்னா லைசென்சும் இல்லை."

மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்தார். யோசிக்க வேறு வழி எதுவும் இல்லை என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "வேலாமணி, நாளைக்கே அந்தப் பேரை பிளக்கிங் ரோல்லேர்ந்து எடுத்துடுங்க" என்றார். எட்மண்ட் தன் பெயரைத் தானே சந்தோஷமாக அடித்தான். மழையில் தினமும் மலையேறும் தலைவிதி அதோடு போயிற்று.

ஆறுக்குட்டி நோட்டை மறுபடி ஒருமுறை புரட்டினார். "எல்லாஞ் சரிங்க. ஓடை வந்துச்சா எழுதியிருக்கு. பெல்ட்டு வந்துச்சா எழுதியிருக்கு. நீங்க வந்தீங்களான்னு எங்கயுமே இல்லையே. காயிதத்தைப் பாத்தா மூணு வருசமா இந்த மிஷினை யாருமே ஓட்டலை."

"என்னைய கீழ கொழுந்துச் செக்ரோல்ல போடுவாங்கங்க" என்றாள் மூக்கம்மா. "ரெண்டு எடத்துல போடக்கூடாதில்ல."

வேலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது; மழைத் தண்ணீர் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள். ஆறுக்குட்டி தன் பேனாவைத் திருப்பி நீட்டினார். "இன்னைக்கிருந்து எழுதுங்க. அஞ்சாவது வரி."

மூக்கம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பைப்புக்குக் கீழே, தொழிலாளியின் பெயர் எழுதும் இடத்தில், நிதானமாக 'மூக்கம்மா' என்று எழுதினாள். எழுத்து நோட்டில் இருந்த மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத சந்தோஷம்.

"அப்பிடியே இன்னைக்குத் தேதிக்கும் பெருக்கல் குறியைப் போட்டுருங்க" என்றார் ஆறுக்குட்டி. "நானும் முத்திரையக் குத்திட்டு எறங்கறேன். இருட்டறதுக்குள்ள கீழ போகோணும்."

பேனா கட்டத்துக்கு மேலே போய் நின்றது. வெளியே மணி நாலுதான். இனிமேல்தான் கொழுந்து வாட்டும் விசிறிக்குக் கரண்டு விட வேண்டும், ஆறரைக்கு லயத்துக்கு விளக்கு, ஒன்பதரைக்கு நிறுத்திக் குழாயை அடைக்க வேண்டும்.

"வேல முடியலீங்களே சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "முடிச்சிட்டுப் போட்டுக்கறேன்."

கட்டம் வெறுமையாக இருக்க, அவர் அதற்குப் பக்கத்திலேயே முத்திரையைக் குத்தினார். மூக்கம்மா நோட்டை மூடி மரப்பெட்டிக்கு மேலேயே வைத்துவிட்டு, இரண்டாவது வாயைத் திறக்கப் போனாள்.